குளிர்காலம் தூக்கிவிட்ட முற்றம்: கல்லை மாற்றினால் போதுமா?

கேள்வி: வீட்டின் பின்சுவரை ஒட்டி 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு முற்றம். அதற்கப்பால் தோட்டம் சரிவாக இறங்குகிறது. கான்கிரீட் பேவர் பதித்து இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது. கற்களின் மேல்தோல் பொறுக்குப் பொறுக்காக உதிர்கிறது. கூரைத் தண்ணீர்க் குழாய் இறங்கும் மூலையில் தளம் 4 செ.மீ. எழும்பி, கதவு திறக்கும்போது அடியில் இடிக்கிறது. சுவரை ஒட்டிய வரிசைகளோ உள்வாங்கிவிட்டன. சில கற்களைப் பெயர்த்துப் பார்த்தேன். அடியில் 5 செ.மீ. கிரஷர் தூசி, அதற்குக் கீழே வண்டல் கலந்த களிமண். இந்தத் தடவை 60 மி.மீ. கனமுள்ள கல்லுக்குப் பதில் 80 மி.மீ. போட்டால் நிற்குமா? அல்லது பேசாமல் கான்கிரீட் தளமே ஊற்றிவிடலாமா? பனிக்கட்டி உருக உப்பும் தூவுகிறோம்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கல்லைப் பெயர்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. உங்கள் முற்றத்தில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் உள்ளன. தோல் உரிவதற்குக் காரணம் கல்லும் உப்பும். மூலை எழும்புவதற்குக் காரணம் தண்ணீர். சுவரோரம் உள்வாங்கியதற்குக் காரணம், வீடு கட்டியபோது அஸ்திவாரத்தை ஒட்டிக் கொட்டிய நிரப்பு மண் சரியாக இறுகாமல் போனது. 80 மி.மீ. கல் இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தீர்க்காது.

மூலை எழும்பியதை முதலில் பார்ப்போம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. ஆனால் மண்ணில் ஏற்கெனவே இருந்த ஈரம் விரிந்ததால் மட்டும் தளம் 4 செ.மீ. எழும்பாது. குளிர் மேலிருந்து கீழே இறங்கும்போது, உறைந்த மண்ணின் அடிவிளிம்பு கீழே உள்ள ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத்தான். இழுத்த நீர் அங்கேயே தகடு தகடாக உறைகிறது. குளிர் நீடிக்க நீடிக்கத் தகடுகள் தடிக்கின்றன, மேலே உள்ளதையெல்லாம் தூக்குகின்றன. மணலும் ஜல்லியும் நீரை அவ்வளவு உயரத்துக்கு இழுக்காது. சுத்தமான களிமண் இழுக்கும், ஆனால் மெதுவாக. வண்டல்தான் வேகமாகவும் இழுக்கும், உயரமாகவும் இழுக்கும். உங்களிடம் இருப்பது அந்த வண்டல். அதன் தலைமேலேயே கூரைத் தண்ணீரும் இறங்குகிறது. குளிர்காலத்திலும் பகல் வெயிலில் கூரைப் பனி உருகிக் குழாய் வழியே அந்த மூலைக்கு வருகிறது, இரவில் உறைகிறது. மற்ற இடங்களைவிட அந்த மூலை அதிகம் எழும்பியது இதனால்தான்.

80 மி.மீ. கல்லால் சதுர மீட்டருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 46 கிலோ எடை. வீட்டு அஸ்திவாரத்தையே தூக்கக்கூடிய விசைக்கு முன்னால் இது ஒரு பொருட்டே இல்லை. 80 மி.மீ. கல் வண்டி ஏறி இறங்கும் இடத்துக்கானது. ஆள் நடக்கும் முற்றத்துக்கு 60 போதும். கான்கிரீட் தளம் ஊற்றினால் அதே மூலையில் அதே மண் அதையும் தூக்கும். பேவர் எழும்பினால் பெயர்த்து அடியைச் சரிசெய்து திரும்பப் பதிக்கலாம். தளம் எழும்பினால் வெடிக்கும், அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எனவே பேவரே போடுங்கள், அடித்தளத்தை மட்டும் முழுக்க மாற்றுங்கள்.

கல் வாங்கப் போகும் முன்பே கூரைத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். குழாய் இறங்கும் இடத்திலிருந்து 100 மி.மீ. விட்டமுள்ள, துளையில்லாத குழாயை முற்றத்தைத் தாண்டித் தோட்டச் சரிவு வரை கொண்டுபோங்கள். மீட்டருக்குக் குறைந்தது 10 மி.மீ. வாட்டம் வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி உறைந்து குழாயே அடைபட்டுவிடும். வெளிவாய் சரிவில் திறந்தபடி இருக்கட்டும். குழிக்குள் முடியக் கூடாது. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் அந்த மூலை திரும்ப எழும்பும்.

இனி கல். குளிர்நாட்டு முற்றத்துக்குக் கல் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தையும் வடிவத்தையும்விட முக்கியம், அது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பது. நுண்துளைகள் நீரால் நிரம்பிய கல் உறைந்தால் தோல் தெறிக்கும். கான்கிரீட் பேவருக்கான அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் சி936, சராசரி அமுக்க வலிமை 55 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும் என்றும், நீர் உறிஞ்சல் சராசரி 5 சதவீதத்தையும் தனிக்கல்லில் 7 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. உறையவைத்து உருகவைக்கும் சோதனையில் 28 சுற்றுக்குப் பின் சதுர மீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் உதிரக் கூடாது, அல்லது 49 சுற்றுக்குப் பின் 500 கிராமுக்கு மேல் உதிரக் கூடாது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 1338-இல் இதற்கு இணையாகத் தேட வேண்டியது 3-ஆம் வகுப்பு, ‘டி’ என்ற குறி. உப்போடு செய்யும் அந்தச் சோதனையில் சராசரி இழப்பு சதுர மீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது.

விற்பவரிடம் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: உறைபனிச் சோதனையை உப்புக் கரைசலில் செய்தார்களா, வெறும் தண்ணீரிலா? அமெரிக்கச் சோதனை முறையில் இரண்டுக்கும் இடமுண்டு. நீங்கள் உப்புத் தூவுகிறவர், ஆகவே 3 சதவீத உப்புக் கரைசலில் தேறிய கல்தான் உங்களுக்கு வேண்டும். உப்பு அதிகமானால்தான் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். தோல் உரிவது மிக மோசமாக இருப்பது 2 முதல் 4 சதவீதம் வரையிலான நீர்த்த கரைசலில்தான். பனி உருகி ஓடும் நீரோடு கலந்து கல்மேல் தங்குவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நீர்த்த கரைசல்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 200×100×60 மி.மீ. கல் ஏறத்தாழ 2.75 கிலோ இருக்கும். ஒரு வாரம் சூடான, உலர்ந்த அறையில் வைத்து எடை போடுங்கள். பிறகு 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்து, ஈரத்தைத் துணியால் துடைத்துத் திரும்ப எடை போடுங்கள். 138 கிராம் கூடியிருந்தால் அது 5 சதவீதம். அறையில் உலர்த்தும்போது ஈரம் முழுக்கப் போகாது, ஆகவே சோதனைக்கூடத்து அளவு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும். இந்த எளிய முறையிலேயே 140 கிராமைத் தாண்டும் கல்லை வாங்காதீர்கள். ஒரு கல்லை உடைத்து முறிவுப் பக்கத்தையும் பாருங்கள். மேலே 5 அல்லது 10 மி.மீ. நைசான நிறக்கலவையும், அதன் கீழே விரல்நகம் நுழையும் அளவுக்குப் பொந்துகளும் தெரிந்தால், அந்தக் கல் சரியாக இறுகவில்லை. இரண்டு கற்களை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும்.

சுட்ட செங்கல் பேவர் பிடிக்குமானால் ஏஎஸ்டிஎம் சி902 தரத்தில் ‘எஸ்எக்ஸ்’ வகுப்பை மட்டும் வாங்குங்கள். நீரில் ஊறிய நிலையில் உறைவதைத் தாங்க வகுத்த வகுப்பு அது. சுவர் கட்டும் செங்கலைத் தரையில் போடவே கூடாது. கிரானைட் நன்றாகத் தாங்கும். மணற்கல், சுண்ணாம்புக்கல் இரண்டும் குவாரிக்குக் குவாரி மாறும், அடுக்கடுக்காக உள்ள கல் அடுக்கடுக்காகவே பிரியும். 20 மி.மீ. போர்சலின் பலகைகள் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது என்பதால் உறைபனி அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் மெல்லிய பெரிய பலகை என்பதால், அடியில் கொஞ்சம் அசைவு வந்தாலும் ஆடும், ஓரம் உடையும். மேலே மெல்லிய பனி படிந்தால் கால் வழுக்கும். உங்கள் மண்ணுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 600 மி.மீ. கான்கிரீட் பலகைகளுக்கும் இதே பதில்தான். சின்னக் கல் மண்ணோடு கொஞ்சம் அசைந்து கொடுக்கும், பெரிய பலகை கொடுக்காது.

அடித்தளத்துக்கு வருவோம். உங்கள் பகுதியில் உறைபனி ஒரு மீட்டர் வரைகூட இறங்கலாம். அவ்வளவு தோண்டி மண்ணை மாற்றுவது நடக்கிற காரியம் இல்லை, தேவையும் இல்லை. மேலிருந்து நீர் உள்ளே போகாமலும், போன நீர் தங்காமலும், முற்றம் முழுக்க ஒரே மாதிரியான அடித்தளம் இருக்கும்படியும் செய்தால் போதும். எழும்பினாலும் ஒரே சீராகக் கொஞ்சம் எழும்பி ஒரே சீராக இறங்கும். கல்லைக் கோணலாக்குவது இடத்துக்கு இடம் வித்தியாசமாக எழும்புவதுதான்.

நிலத்தடிக் கம்பிகளும் குழாய்களும் எங்கே போகின்றன என்று உறுதி செய்துகொண்டு தோண்டத் தொடங்குங்கள். ஆழக் கணக்கு இது: கல் 60, மணல் படுக்கை 25, ஜல்லி 200, ஆக 285 மி.மீ. வடிகால் நல்ல மண்ணில், மிதமான குளிரில், நடைக்கு மட்டும் 100 மி.மீ. ஜல்லி போதும். கடுங்குளிரும் ஈர மண்ணும் சேர்ந்த இடத்தில் இன்னும் 50 முதல் 100 மி.மீ. கூட்டுவது வழக்கம். உங்களுக்கு முழு 100-ஐயும் கூட்டச் சொல்கிறேன். சுவர் உள்ள பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் கல்லின் விளிம்பைத் தாண்டி 200 மி.மீ. கூடுதலாகத் தோண்டுங்கள். ஜல்லியின் கனம் எவ்வளவோ அவ்வளவு வெளியே நீள வேண்டும். விளிம்புக் கற்கள் எப்போதும் முதலில் சரிவது, அவற்றின் அடியில் ஜல்லி கல்லின் விளிம்போடேயே முடிந்துவிடுவதால்தான்.

தோண்டிய மண்ணின் அடிமட்டமே வீட்டிலிருந்து வெளிப்பக்கம் மீட்டருக்கு 20 மி.மீ. வாட்டத்தில் இருக்க வேண்டும். 4 மீட்டருக்கு 80 மி.மீ. வரும். மேலே வாட்டம் வைத்து அடியில் மட்டமாக விட்டால், இடுக்கில் இறங்கிய நீர் உள்ளேயே தேங்கும். கல்லின் மேல்மட்டம், தரை ஈரம் மேலேறாமல் தடுக்கச் சுவரில் வைக்கும் ஈரத்தடுப்பு வரிசைக்கு 150 மி.மீ. கீழே நிற்கட்டும். அந்தக் கதவின் அடிக்கும் கல்லுக்கும் 50 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

சுவரோரம் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே அரை மீட்டர் அகலத்துக்கு இளகிய நிரப்பு மண்ணை, கடப்பாரை எளிதில் இறங்காத கெட்டி மண் தட்டும்வரை எடுத்துவிட்டு, அடித்தளத்துக்கு வாங்கும் அதே கலப்பு ஜல்லியால் 100 மி.மீ. அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். அஸ்திவாரத்தின் நீர்த்தடுப்புப் பூச்சில் கட்டை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே பிளேட் காம்பாக்டரை (தட்டையான அடியால் அதிர்ந்து இறுக்கும் இயந்திரம்) எவ்வளவு ஓட்டினாலும் அதன் அதிர்வு அந்த ஆழத்துக்குப் போய்ச் சேராது.

அடிமண்ணை இறுக்கியபின், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 300 மி.மீ. ஏறட்டும், இளகிய மண்ணில் 600. துணி, தோண்டிய குழியின் பக்கங்களிலும் ஏற வேண்டும். இது இல்லாவிட்டால் பனி உருகும் காலத்தில் கூழாகும் வண்டல், ஜல்லியின் இடுக்குகளில் மேலேறிவிடும். சில ஆண்டுகளில் உங்கள் 200 மி.மீ. ஜல்லி பாதி சேறாகிவிடும். வெளிப்பக்கத் தாழ்ந்த விளிம்பில், துணிக்குள்ளேயே, துளையுள்ள 100 மி.மீ. குழாய் ஒன்றைச் சுத்தமான ஜல்லி சூழப் பதித்துத் தோட்டச் சரிவில் திறந்துவிடுங்கள். உங்களுக்குச் சரிவு இருப்பது பெரிய வசதி. கூரைக் குழாயை இதனோடு இணைத்துவிடாதீர்கள். இணைத்தால் கூரைத் தண்ணீரை நாமே முற்றத்தின் அடியில் விட்டதாகும்.

ஜல்லி என்பது 20 மி.மீ. முதல் தூள்வரை கலந்த கலப்பு ஜல்லி. இதில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்தூள் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லாரி வந்ததும் ஒரு பிடி எடுத்து நனைத்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்தால் கல்லும் மணலுமாக உதிர வேண்டும். கொழுக்கட்டை மாவு மாதிரி பிடித்து, கையில் சேறு பூசினால் திருப்பி அனுப்புங்கள். அந்தச் சேறுதான் பிறகு தண்ணீரைப் பிடித்துவைத்து உறையும். 100 மி.மீ. அடுக்காக இரண்டு அடுக்குப் போட்டு, லேசாக நனைத்து, 22 கிலோநியூட்டன் விசையுள்ள பிளேட் காம்பாக்டரால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நான்கு தடவையாவது ஓட்டுங்கள். முழு 200-ஐயும் ஒரே தடவையில் கொட்டி ஓட்டினால் மேல்பாதி மட்டும்தான் இறுகும். முடிந்தபின் குதிகாலால் ஓங்கி மிதித்தாலும் தடம் விழக் கூடாது. 3 மீட்டர் மட்டப்பலகை வைத்தால் மேடு பள்ளம் 10 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும்.

கலப்பு ஜல்லிக்குப் பதில் தூளே இல்லாத சுத்த ஜல்லியால் அடித்தளம் போடும் முறையும் உண்டு, குளிர்நாட்டில் அது நன்றாகவே நிற்கும். ஆனால் அதன்மேல் மணல் போட்டால் மணல் இடுக்குகளில் இறங்கிவிடும். படுக்கைக்கு 2.5 முதல் 10 மி.மீ. வரையிலான சிப்ஸும், அகல இடைவெளி விடும் வகைக் கல்லும் வேண்டும். இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்து செய்துவிடாதீர்கள்.

படுக்கைக்குக் கிரஷர் தூசி வேண்டவே வேண்டாம். உங்கள் கல் உரிந்ததில் அதற்கும் பங்குண்டு. தூசி ஈரத்தை விடாமல் பிடித்துவைத்துக் கல்லின் அடிவயிற்றை எப்போதும் நனைத்தபடி வைத்திருந்தது, ஊறிய கல்தான் முதலில் தெறிக்கிறது. கான்கிரீட் போடும் கழுவிய சொரசொரப்பான மணலே சரி. அதில் நுண்தூள் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கண்ணாடிச் சீசாவில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் விட்டால், மேலே தடித்த சேற்றுப் படலம் நிற்கக் கூடாது. 25 மி.மீ. விட்டமுள்ள இரண்டு குழாய்களை ஜல்லிமேல் கிடத்தி, நடுவே மணலைப் பரப்பி, குழாய்கள்மேல் மட்டப்பலகையை இழுத்தால் ஒரே கனம் கிடைக்கும். குழாயை எடுத்த தடத்தை மணலால் நிரப்புங்கள். இந்த மணலை மிதிக்காதீர்கள், இறுக்காதீர்கள். ஜல்லியில் உள்ள பள்ளத்தை மணலால் சரிக்கட்டவும் கூடாது. மணல் தடித்த இடமெல்லாம் முதல் வருடத்திலேயே அமுங்கிப் பள்ளமாகும்.

பதிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூல் கட்டிப் பதியுங்கள், இடைவெளி 2 முதல் 5 மி.மீ., வெட்டிய துண்டு முழுக்கல்லில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. சுவரோடு கல்லைச் சிமெண்ட் வைத்து ஒட்டாதீர்கள். சுவர் அசையாது, முற்றம் அசையும். விளிம்புக் கற்கள் நகராமல் பிடிக்கும் ஓரப்பட்டை ஜல்லியின் மேல் உட்கார வேண்டும், மணலிலோ தோட்ட மண்ணிலோ உட்காரக் கூடாது. 250 முதல் 300 மி.மீ. நீள ஆணிகளை 300 மி.மீ.-க்கு ஒன்றாக அடியுங்கள். கல்லின் ஓரமாக மண்மேல் சிமெண்ட் கலவையைச் சாய்த்துப் பூசிவிடும் பழக்கம் இந்தக் குளிருக்கு ஒத்துவராது. இரண்டு குளிர்காலத்தில் வெடித்துப் பிரிந்துவிடும்.

பிறகு காம்பாக்டரின் அடியில் ரப்பர் பாய் கட்டி ஒரு சுற்று ஓட்டுங்கள். கல் இடைவெளிகளை நிரப்பும் உலர்ந்த இணைப்பு மணலைத் துடைப்பத்தால் தள்ளி, மறுபடி ஓட்டி, மணல் கல்லின் மேல்விளிம்புக்கு 3 மி.மீ. கீழே நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நீர் பட்டதும் இறுகும் பாலிமர் மணல் போடுவதானால் கல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். நீர் தெளிக்கும் முன் கல்மேல் உள்ள தூசியைக் காற்றூதும் கருவியால் மிச்சமின்றி அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைப் படலம் கல்லோடு ஒட்டிவிடும்.

உங்கள் அளவுக்கான பொருள் கணக்கு: ஜல்லி பரவும் இடம் 5.4 × 4.2 மீட்டர், இறுகிய அளவு ஏறத்தாழ 4.5 கன மீட்டர், எடையில் 10 டன். சுவரோரக் குழிக்கு வேண்டியது தனி, தோண்டியபின் அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள். மணல் அரை கன மீட்டர், சேதாரம் சேர்த்து 0.6. சதுர மீட்டருக்கு 50 கல் வீதம் 1,000, வெட்டுச் சேதாரத்துக்கு 5 சதவீதம் சேர்த்து 1,050. சாய்வான மீன்முள் பின்னல் வைப்பதானால் சேதாரத்தை 10 சதவீதமாக்குங்கள். தோண்டும் மண் 6.5 கன மீட்டர், வெளியே கொட்டும்போது உப்பி 8 கன மீட்டரைத் தொடும். அதைப் போட இடம் முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

வேலையைக் கோடையின் கடைசியிலோ இலையுதிர்காலத் தொடக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த மண் கல்மாதிரி இருக்கிறதே என்று அதன்மேல் ஜல்லி போட்டால், உருகியதும் எல்லாம் இறங்கும். பனி உருகிய உடனே உள்ள ஈர மண்ணும் இறுகாது.

குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான மணலையே தூவுங்கள். உப்புப் போட்டே ஆக வேண்டுமென்றால் சாதாரண உப்பைக் குறைவாகப் போட்டு, இளகிய பனியை உடனே தள்ளிவிடுங்கள். மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே அந்த உப்பால் பெரிய பயனும் இல்லை. அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்பேட் கலந்த எதையும் தூவாதீர்கள், அவை கான்கிரீட்டையே தின்றுவிடும். மெக்னீசியம் குளோரைடையும் தவிர்த்துவிடுங்கள். அள்ளிய பனியைச் சுவரோரம் குவிக்க வேண்டாம், உருகினால் முற்றம் முழுக்கக் கடந்துதான் வெளியேறும். சரிவுப் பக்கம் தள்ளுங்கள். கல்லுக்குப் பூசும் சீலரை நம்பி மட்டமான கல் வாங்க வேண்டாம். மேலே படலமாகப் படியும் வகை, அடியிலிருந்து வரும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

முதல் குளிர்காலம் முடிந்ததும் அங்கங்கே ஒரு சில மி.மீ. எழும்பியிருந்தால் உடனே கல்லைப் பெயர்க்காதீர்கள். மண் முழுக்க உருகி உலர்ந்து உட்காரும்வரை காத்திருந்து, அதன்பின் மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். இறங்காத இடத்தில் மட்டும் கல்லையும் மணலையும் எடுத்து, ஜல்லியைச் சரிசெய்து, அதே கற்களைப் பதியுங்கள். இதற்காகவே ஒரே தயாரிப்புத் தொகுதியில் 30 கல் கூடுதலாக வாங்கி, கொட்டகைக்குள் வைக்காமல் வெளியிலேயே அடுக்கிவையுங்கள். முற்றத்துக் கல்லோடு சேர்ந்து அவையும் வெளிறியிருந்தால்தான் மாற்றிய இடம் தனியாகத் தெரியாது.